மாசாமாசம் ரப்பர் மாற்றிய மாப்பிள்ளைக்கு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமாக இல்லை. அங்கே நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று தெரியும். அதுதான் என் வயிற்றெரிச்சலே. மாப்பிள்ளைக்குக் கொடுக்கவேண்டிய மரியாதை ஒரு நூல்கூடக் குறையக் கூடாது என்று உங்கள் மாமியார் என் தலைமாட்டில் நின்றுகொண்டு சொல்கிறாள். முயற்சி செய்கிறேன்.

நேற்று என் மகள் போன் செய்தாள். குரலில் ஏக குஷி. "அப்பா, உங்க கைத்தடி சூப்பரா சார்ஜ் ஏறுதாம்பா!" என்றாள். கைத்தடி என் கையில் இருக்கிறது, அதற்கு எங்கிருந்து சார்ஜ் ஏறும் என்று கேட்டேன். உடனே போனை அம்மாவிடம் கொடுங்கள் என்றாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள் போலிருக்கிறது. விடுவேனா, தோண்டித் துருவிக் கேட்டதில் எல்லாம் வெளியே வந்தது.

நீங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் சோடியம் அயன் பேட்டரி செய்கிறீர்களாம். உப்பில் இருக்கிற அதே சோடியமாம், கொட்டிக் கிடக்கிறதாம், ரொம்ப சந்தோஷம். ஆனா லித்தியம் மாதிரி அது ஒல்லி ஆள் இல்லையாம், கொஞ்சம் பூசின உடம்பாம், பென்சில் கரிக்குள்ள போய் உட்காருன்னா இடம் பத்தலைன்னு திரும்பிடுமாம். அதனால மரத்தைக் காத்துப் படாம சுட்டு, தாறுமாறான அடுக்கும் சந்துபொந்துமா இருக்கிற கரியை எலெக்ட்ரோடா வைக்கணுமாம். வைங்க, யார் வேண்டாம்னா? கொட்டை ஓட்டைச் சுட்டீங்களாம், மரத்தூளைச் சுட்டீங்களாம், ஆரஞ்சுத் தோலைக்கூட விடலையாம். எதுவும் சரிப்படாம கடைசியில மாமனார் கைத்தடியைச் சுட்டிருக்கீங்களே, உங்களுக்கே நியாயமா இருக்கா?

இப்பதான் எனக்கு ஒவ்வொண்ணா விளங்குது. முதல் தடவை நீங்க வந்தப்போ கைத்தடி அடியில பிளந்திருந்தது. "குடுங்க மாமா, அடியைச் சமமாக்கி ரப்பர் மாத்தித் தரேன்"னு வாங்கிட்டுப் போனீங்க. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. வெட்டி எடுத்த துண்டு உங்க பாக்கெட்டுக்குப் போனது எனக்குத் தெரியுமா? அடுத்த மாசம் வந்தீங்க, ரப்பர் தேஞ்சிருக்குன்னீங்க. அதுக்கடுத்த மாசமும் வந்தீங்க, ரப்பர் தேஞ்சிருக்குன்னீங்க. மாசாமாசம் மாமனாருக்கு ரப்பர் மாத்துற மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பான்னு தெரு பூரா பீத்திக்கிட்டேன் நான். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். வாழ்க்கை பூரா தையல்கடையில கட்டிங் மாஸ்டரா இருந்தவன், எதிர்ல வர்ற ஆளோட தோள் எவ்வளவுன்னு டேப் இல்லாம சொல்றவன், கையில பிடிச்சிருக்கிற கட்டை குட்டையாகிட்டே வர்றது தெரியாம, நான்தான் கூன் விழுந்து குட்டையாகிறேன்னு நெனச்சேன் பாருங்க. உங்க மாமியார் வயசாயிடுச்சுன்னு சொல்லிட்டா. டாக்டர் முதுகெலும்பைப் படம் பிடிச்சுப் பார்த்து, ஒண்ணும் தெரியலை, எதுக்கும் இருக்கட்டும்னு இடுப்புல ஒரு பெல்ட்டை மாட்டிவிட்டார். காலையில சுவர்ல முதுகை ஒட்டி நிக்கச் சொன்னார், நின்னேன். எதிர்வீட்டு அம்மா தினமும், என்ன சார் தொலைச்சீங்க, நானும் சேர்ந்து தேடட்டுமான்னு கேக்குறாங்க. குனிஞ்சே நடக்குறதால முன்பக்கம் தொங்குதுன்னு என் சட்டை எல்லாத்தையும் பிரிச்சு, முன்பக்கத்தைக் குறைச்சு நானே தைச்சேன். இப்ப நிமிர்ந்து நின்னா தொப்புள் தெரியுது.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? கேட்டிருந்தா கொடுத்திருக்க மாட்டேன், அது வேற விஷயம். அந்தத் தடி இருக்கிறதாலதான் யார் கையையும் பிடிக்காம தெருமுனை வரைக்கும் போய்ட்டு வரேன். எனக்குன்னு மிச்சம் இருக்கிற ரோஷம் அது ஒண்ணுதான். அதுலயா கை வைக்கிறது?

இவ்வளவும் செஞ்சுட்டு, மகளை விட்டு மிச்சத் தடியையும் கேக்கச் சொல்லியிருக்கீங்க. வேற எந்த மரத்தைச் சுட்டாலும் ரெண்டு வாரத்துல சார்ஜ் இறங்கிடுதாம், என் தடி மட்டும்தான் மாசக்கணக்கா ஏத்தி இறக்கினாலும் அசையாம நிக்குதாம். பணம் கொடுக்கிற குழு வரப்போகுதாம், அதே மரத்துல திரும்பச் செஞ்சு காட்டலைன்னா திட்டத்தை மூடி உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். அனுப்பட்டும். தர முடியாது, முடியாது, முடியவே முடியாது. அடுத்த மாசம் வந்தீங்கன்னா ரப்பர் கிப்பர்னு பேச்செடுக்காம, கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்துட்டுக் கிளம்புங்க.

நீங்களும் என் மகளும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ, கோபத்தோடு ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகிற நேரத்தில் மகள் மறுபடி கூப்பிட்டாள். நீங்கள் சரியாகச் சாப்பிடுவதே இல்லையாம். எங்களிடம் எப்படி முகத்தைக் காட்டுவது என்று புலம்புகிறீர்களாம். இதோடு வரும் பார்சலில் மிச்சமிருந்த கைத்தடி முழுசாக இருக்கிறது. பிடியில் வார்னிஷ் அடித்திருக்கிறது, அதைச் சுட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடாதீர்கள். உங்கள் மாமியார் தோளைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போய், அதே ஜாதி மரமா என்று கேட்டு வேறொன்று வாங்கிவிட்டேன். உங்க உயரத்துக்கு இது நீளம் ஜாஸ்தி, வெட்டித் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம், வெட்டுவதற்கு வீட்டில் ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.