மோர்ப்பந்தலும் என் கழுத்து ரத்தக்குழாயும்

பிள்ளைகளா, பரிசோதனை என்று யார் கூப்பிட்டாலும் அதில் பாஸாகிவிட வேண்டும் என்று நினைக்கிற பரம்பரை எங்களுடையது. கண் டாக்டரிடம் போனால், முன்னால் உட்கார்ந்திருப்பவர் படிக்கிற எழுத்துகளை மனப்பாடம் செய்துகொள்வோம். எடை மிஷினில் ஏறினால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வோம். (எடை குறையாது, தெரியும். இருந்தாலும் மிஷினுக்கு ஒரு மரியாதை.) இந்தக் குணத்தால்தான், நல்ல ஆரோக்கியத்தோடு ஆஸ்பத்திரிக்குள் நடந்துபோன நான் சக்கர நாற்காலியில் ஏறப் பார்த்தேன்.

சமயநல்லூரில் போர்வெல் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. என் மகள் சுகன்யா அப்படியில்லை. மதுரையில் ஒரு கல்லூரியில் ஸ்கேன் எடுக்கிற படிப்பில் அப்போது கடைசி வருஷம். நோய் நொடி இல்லாத பெரியவர்களின் கழுத்தில் ஸ்கேன் கருவியை வைத்து, உடம்பில் தண்ணீர் போதுமா போதாதா என்று சொல்ல முடியுமா? இதுதான் அவள் செய்துகாட்ட வேண்டிய ஆராய்ச்சி.

"கழுத்துல என்னத்தா தெரியும்?" என்று கேட்டேன்.

"கழுத்துல ஒரு பெரிய ரத்தக்குழாய் ஓடுதுப்பா. நம்ம வைகை மாதிரின்னு வச்சுக்கங்க. தண்ணி குடிக்காம இருந்தா ஒடுங்கிக் கெடக்கும். குடிச்சா, அணை தொறந்துவிட்ட மாதிரி அகலமாகும். ரெண்டையும் அளக்கணும்."

எனக்குச் சட்டென்று புரிந்தது. (குழாய், தண்ணீர், அழுத்தம். என் தொழில்தானே!)

"வாரேன்னு சொன்ன கடைசி ஆளு காய்ச்சல்ல படுத்துட்டாருப்பா. நாளைக்குள்ள ஒரு ஆளு கிடைக்கலேன்னா மேடம் கையெழுத்துப் போட மாட்டாங்க. அடுத்த பரீட்சை வரைக்கும் காத்துக் கெடக்கணும்."

"அப்பன் நான் எதுக்கு இருக்கேன்?"

"ராத்திரி சாப்பாட்டோட சரிப்பா. அதுக்கப்புறம் ஒரு சொட்டு குடிக்கக் கூடாது. தண்ணி மட்டுமில்ல, காப்பி, மோரு, எளநி எதுவுமே ஆகாது."

"ஒங்கப்பனுக்கு இம்புட்டு விளக்கம் தேவையில்லத்தா" என்றேன்.

சித்திரை மாதம், அழகர் திருவிழா நேரம். காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. மகள் முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டாள். என் மனைவி மல்லிகா, பிள்ளை மிஷின் பிடிப்பதைப் பார்க்க வேண்டும் என்று பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, தல்லாகுளம் வரைக்கும் வீரனாகத்தான் வந்தேன். அங்கே நடுரோட்டில் டம்ளரோடு குதித்தார்கள் மோர்ப்பந்தல்காரர்கள்.

"அண்ணே, நில்லுங்கண்ணே! மோரு குடிச்சிட்டுப் போங்க!"

"வேணாம்ப்பா, அவசரம்."

"அம்புட்டு அவசரமா? அழகர் பேரச் சொல்லி ஊத்துறோம், எங்க கையால ஒரு வாய் குடிக்க மாட்டீகளா?"

பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்கினார். "வாங்கிக் குடிச்சுத் தொலைங்கண்ணே, நாங்க வீடு போய்ச் சேர வேணாமா?"

மல்லிகாவிடமும் ஒரு டம்ளரை நீட்டினார்கள். அவள் அலட்டிக்கொள்ளாமல், "இன்னைக்கு விரதம் தம்பி" என்றாள். நீட்டியவன் பயபக்தியோடு கையை இழுத்துக்கொண்டான். (அவள் எந்தக் கிழமை எந்தச் சாமிக்கு விரதம் இருக்கிறாள் என்பதை நான் எண்ணுவதே இல்லை.) அதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லையே! அதற்குப் பதிலாக ஒரு பெரிய திட்டம் தோன்றியது. மோரை வாயில் வாங்கிக்கொள்வது, விழுங்காமல் கொஞ்சம் தள்ளிப் போய்த் துப்பிவிடுவது.

வாங்கினேன். கன்னம் இரண்டும் போண்டா மாதிரி உப்பின. கிளம்பப் போனேன்.

"அண்ணே, உப்பு சரியா இருக்கா?"

தலையை ஆட்டினேன்.

"தலைய ஆட்டுனா எப்பிடி? இப்பத்தான் கரைச்சது. வாயத் தொறந்து சொல்லுங்கண்ணே."

இஞ்சியும் பச்சை மிளகாயும் நாக்கில் கூத்தாடின. நான் முடிவெடுப்பதற்குள் தொண்டை தானாக முடிவெடுத்துவிட்டது. மடக்!

"கொஞ்சம் கம்மிதாம்ப்பா" என்றேன். (கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிற வியாதி எனக்கு.)

அவன் உப்பைப் போட்டுக் கலக்கி இன்னொரு டம்ளர் கொடுத்தான். "இப்ப?"

"இப்பக் கூடிருச்சே."

மோர் ஊற்றி மூன்றாவது டம்ளர் கொடுத்தான். அது அமிர்தமாக இருந்தது. மல்லிகா பின்னாலிருந்து என் விலாவில் குத்திக்கொண்டே இருந்தாள்.

கல்லூரி ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும், "ஏங்க, பிள்ளட்ட சொல்லிருங்க" என்றாள்.

"நீ சும்மா இரு. தொட்டியில கூடுதலா விழுந்த தண்ணிய எறச்சு வெளியேத்திட்டா சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, வியர்த்துக் கொட்டட்டும் என்று வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றி வெயிலில் ஓட ஆரம்பித்தேன்.

வாட்ச்மேன் இரக்கத்தோடு பார்த்தார். "என்னண்ணே, வண்டியத் தொலைச்சிட்டீகளா?"

ஸ்கேன் அறையில் கட்டிலில் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். கழுத்தில் சில்லென்று பசை தடவினாள் மகள். கருவியை வைத்ததும் திரையில் கறுப்பாக ஒரு பொந்து தெரிந்தது. "அதான்ப்பா அந்த ரத்தக்குழாய்" என்றாள். பக்கத்தில் அவளுடைய மேடம், மூக்குக் கண்ணாடி வழியாகக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கண்ணுக்கு அந்தப் பொந்து அகலமாகத்தான் தெரிந்தது. மூன்று டம்ளர் மோர் அல்லவா! மகள் படிப்பு என் கழுத்தில் நிற்கிறதே, எப்படியாவது இதை ஒடுக்கியாக வேண்டுமே! எடை மிஷின் ஞாபகம் வந்தது. மூச்சை இழுத்துப் பிடித்து, வாயை இறுக்கி மூடி, முக்கினேன்.

பொந்து பெரிதானது. பயந்துபோய் இன்னும் முக்கினேன். அது இன்னும் பெரிதானது. மூச்சைப் பிடித்து முக்கினால் அந்த ரத்தக்குழாய் புடைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. திரையில் வைகை இரு கரையும் புரண்டது.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சுகன்யா, இவர் ஆரோக்கியமானவர்னு யார் சொன்னது?"

"நான்தான் மேடம். எங்கப்பா."

"இது இவ்வளவு பெருசா இருக்கக் கூடாதும்மா. உடனே இதயத்தைப் பாக்கணும். வீல்சேர் கொண்டுவரச் சொல்லு."

மகள் என் முகத்துக்கு நேரே குனிந்தாள். "அப்பா, நெஞ்சு வலிக்குதா? சொல்லுங்கப்பா!" எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தால் மூச்சுப் போய்விடுமே! முகம் சிவக்க இன்னும் இறுக்கினேன்.

அதற்குள் மல்லிகா அருகில் வந்து என் கன்னத்தைப் பார்த்தாள். "இந்த மூஞ்சிய இப்பத்தான் மோர்ப்பந்தல்ல பாத்தேன்" என்று சொல்லி, என் கால் பெருவிரலை நறுக்கென்று கிள்ளினாள்.

புஸ்ஸென்று மூச்சு வெளியேறியது. திரையில் பொந்து சட்டென்று சுருங்கியது. உருண்டு வந்த சக்கர நாற்காலி வாசலிலேயே நின்றது. மகள் என் மீசையிலிருந்து ஒரு கறிவேப்பிலைத் துணுக்கை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள்.

"எத்தன டம்ளருப்பா?"

"உப்பு சரியா வர்ற வரைக்கும்மா."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மிஷின் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏத்தா, நான் ஆக மாட்டனா?" என்று கேட்டாள் மல்லிகா. "நானும் ராத்திரியிலருந்து ஒண்ணும் குடிக்கல."

"நீ விரதம்ல? எந்தச் சாமிக்கு?" என்று கேட்டேன்.

"எந்தச் சாமியுமில்ல. நீங்க வாய் காஞ்சு ஒக்காந்திருக்கையில நான் மட்டும் எப்பிடிக் காப்பி குடிக்கிறது? அதான் விரதம்."

அவளைப் பரிசோதித்து மேடம் சரி என்றார். மல்லிகா படுத்தாள், சாதாரணமாக மூச்சு விட்டாள். கழுத்து ரத்தக்குழாய் கோடை வைகை மாதிரி ஒடுங்கிக் கிடந்தது. பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி படுத்தபோது, "அணை தொறந்திருச்சும்மா!" என்று மகள் கத்தினாள். மேடம் கையெழுத்துப் போட்டார். நான் காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் அதன் இடத்தில் விட்டுவிட்டு வந்தேன்.

சுகன்யா இப்போது வேலைக்குப் போகிறாள். வீட்டில் நான் எதையாவது மறைத்தால், "அப்பா, மூச்ச விடுங்க" என்பாள். விட்டுவிடுவேன்.

இந்தச் சித்திரையிலும் அதே பந்தல் வழியாகப் போனோம். டம்ளர் என்னிடம் வருவதற்குள் பின்னாலிருந்து மல்லிகாவின் கை நீண்டு அதை வாங்கியது.

"அவருக்கு விரதம் தம்பி" என்றாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். "உப்பு சரியா இருக்கு."