எட்டரை அடி ஆன்டெனா

முப்பத்தோராண்டுகளாக என் வண்டியை நான் ஓட்டியதில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவன் நான்; ஓட்டுபவள் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் என் மனைவி லரூ.

எங்கள் ஊர் மோவாபின் செம்பாறைகளில் ஜீப் ஏற்றுகிறவர்கள் பள்ளத்தைக் கண்டு அஞ்சுவார்கள். நான் லரூவின் சுட்டுவிரலைக் கண்டு அஞ்சுவேன். "இடது. இன்னும் இடது. ஆரின், அது வலது." பாறை ஒரு நாளும் என்னை இவ்வளவு படுத்தியதில்லை.

ஆகவே இவ்வாண்டு வசந்தகாலச் சவாரிக்கு முன்பாக ஒரு சபதம் செய்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு சொல்லும் வராமல் என் வண்டியை நானே ஓட்டிவிட வேண்டும்.

எங்கள் ஜீப் சங்கத்தில் பன்னிரண்டு வண்டிகள். முதல் வண்டியிலிருந்து தலைவர், வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் சிபி ரேடியோவில் வழி சொல்வார். கேட்ட ஓட்டுநர் அச்சொற்களை அப்படியே ரேடியோவில் திருப்பிச் சொல்லி, "செய்கிறேன்" என்று முடிக்க வேண்டும். அது பழைய வழக்கம். மாதக் கூட்டத்தில், எல்லாரும் வயிறு நிறைந்து சாய்ந்திருந்த நல்ல வேளை பார்த்து, நான் எழுந்து புது விதி ஒன்றை முன்மொழிந்தேன். வண்டிக்குள் இனி ஒரே குரல்தான் செல்லும். அது தலைவரின் குரல். உடன் வருவோர் வாய் திறக்கலாகாது. என் நாவன்மையைக் கண்டு நானே வியந்துபோனேன்.

முதலில் கையுயர்த்தி ஆதரித்தவள் லரூ. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தலைவர் வெர்டெல் எங்கள் தெருக்காரர். எனக்குக் கடைசி வண்டியின் இடத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"முன்னாடி பேசுறது மலை மறைச்சாலும் உனக்குக் கேக்கணும்ப்பா. நல்ல ஆன்டெனாவா பாத்து மாட்டு. கேக்கலேன்னா சவாரி கிடையாது, வீட்லயே உக்காந்துக்க."

மறுநாளே கடைக்குப் போனோம். காந்தத்தால் கூரைமேல் ஒட்டிக்கொள்ளும் இரண்டடி ஆன்டெனாவைக் கையில் எடுத்தேன். ஓட்டை போட வேண்டாம், ஒட்டினால் போதும்.

"அதையே வாங்கிக்கோ ஆரின்," என்றாள் லரூ. "உனக்கு அது போதும்."

உனக்கு அது போதுமாம். அதைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்த எட்டரை அடி எஃகுக் கம்பியைத் தூக்கினேன். அடியில் சுருள்வில், நுனியில் குண்டுமணியளவு ஓர் உருண்டை. லேசாக அசைத்தால் கடை முழுவதும் உய்யென்று பாடியது. கோயில் கோபுரத்தின் கீழே நிற்பவனைப் போல் அண்ணாந்து நின்றேன்.

வீடு வந்ததும், எங்கே நடுவது என்ற கேள்வி எழுந்தது. பின்பக்க பம்பரில் நடலாமென்றேன். லரூ மறுக்கவே இல்லை.

"பம்பர்ல வெச்சா ஒரு பக்கம் நல்லா கேக்கும், மறுபக்கம் மந்தமா இருக்கும். பரவாயில்ல விடு. கூரைக்கு நடுவுல வெச்சா நாலாபக்கமும் கேக்கும்தான். ஆனா சொந்த வண்டிக் கூரையில ஓட்டை போட ஒரு தைரியம் வேணும் இல்ல."

கால் மணி நேரத்தில் கூரையில் ஓட்டை விழுந்துவிட்டது.

ஆன்டெனாவை முறுக்கி நிறுத்தி, வயரிழுத்து, ரேடியோவைத் தட்டிப் பேசினேன். மூன்று வீடு தள்ளியிருந்த வெர்டெலுக்கு என் குரல் தகரப் பெட்டிக்குள் அகப்பட்ட தேனீயைப் போல் கேட்டதாம். சவாரிக்கு இரண்டே நாள். எனக்கு வியர்த்துவிட்டது.

லரூ கைதுடைத்துக்கொண்டு வந்தாள். இருபதாண்டுகள் சாலைத்துறையின் ரேடியோ அறையில் அமர்ந்து, பனி அள்ளும் வண்டிகளுக்கு வழி சொன்னவள் அவள். அவள் ஒரு சொல் சொன்னால் ஆறடி ஆட்கள் மறுபேச்சில்லாமல் மலைப்பாதையில் வண்டியைத் திருப்புவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது உத்தியோகம், இது குடும்பம் என்று இரண்டையும் நான் தனித்தனியே பிரித்து வைத்திருந்தேன்.

காலணிப் பெட்டியொன்றிலிருந்து அளவுமானி ஒன்றை எடுத்து இணைத்தாள். ஊசி சிவப்புக் கோட்டில் முட்டி நின்றது.

"நீ பேசுறது வெளியிலயே போகல. மேல போய் முட்டிட்டு உங்கிட்டயே திரும்பி வருது," என்றாள். "வீட்ல நடக்குற மாதிரியேதான்."

ஆன்டெனாவின் அடிப்பாகத்தைக் கழற்றினாள். அதன் கீழே கூரையின் பெயிண்ட் அப்படியே இருந்தது. இரும்பும் இரும்பும் நேராகத் தொட வேண்டுமாம். நடுவில் பெயிண்ட் இருந்தால் அத்தனை பெரிய கூரை இருந்தும் இல்லாதது போலத்தானாம். உருளைக்கிழங்கு சீவும் கத்தியால் வெள்ளிபோல் மின்னும்வரை சுரண்டினாள். மறுபடி முறுக்கினாள். நுனியில் கால் விரற்கடை அளவு தேய்த்தாள். ஊசி மெல்ல இறங்கி, பள்ளிப் பிள்ளையைப் போல் முதல் கோட்டில் அடங்கி உட்கார்ந்தது.

அப்போது ரேடியோவில் ஒருவர் தும்மினார். முப்பது மைலுக்கு அப்பால், நெடுஞ்சாலையில் பாரவண்டி ஓட்டுகிறவராம். அவர் மூக்கைச் சிந்துவதும் கேட்டது. மலைகளையெல்லாம் தாண்டி ஒரு மனிதரின் சளி என் வாசலுக்கு வந்து சேர்ந்த அதிசயத்தில் எனக்கு மெய்சிலிர்த்தது. லரூவை நிமிர்ந்து பார்த்தேன். அவள் கத்தியைக் கழுவப் போய்விட்டிருந்தாள்.

சவாரியன்று காலை, நெடிய கம்பியைத் தூண்டிலைப் போல் வளைத்து முன் பம்பரில் கட்டிக்கொண்டு ஊரைக் கடந்தோம். தடத்தின் தொடக்கத்தில் கயிற்றை அவிழ்த்ததும் அது விண்ணென்று நிமிர்ந்து வானத்தைத் தொட்டது. மற்ற பதினொரு ஓட்டுநர்களும் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு பார்த்தார்கள்.

அந்நேரம் லரூ சாப்பாட்டுப் பையுடன் என் வண்டியைவிட்டு இறங்கினாள்.

"நான் வெர்டெல் வண்டியில வரேன். நீ நிம்மதியா ஓட்டு."

பேசக்கூடாது என்ற விதி அவளுக்குச் சுட்டுவிட்டது என்று எண்ணி உள்ளூர மகிழ்ந்தேன். அவள் இருக்கையில் குளிர்பானப் பெட்டியை வைத்துப் பட்டையைப் பூட்டினேன். அது விரல் நீட்டாது.

வண்டிகள் ஒவ்வொன்றாகச் செம்பாறை முதுகில் ஏறி மறைந்தன. முதல் வண்டி எனக்கு ஒரு மைல் முன்னால், இரண்டு குன்றுகளுக்கு அப்பால் இருந்தது. என்னைச் சுற்றிலும் சிவந்த பாறை, நீல வானம், முப்பத்தோராண்டுகளில் நான் கேட்டிராத அமைதி. கண்ணில் நீர் தளும்பியது.

ரேடியோ கரகரத்தது. வெர்டெலின் குரல். இன்றோடு தாம் தலைமையிலிருந்து விலகுவதாகவும், இனி வழி சொல்லப் போகிறவர் சென்ற மாதமே ஒப்புக்கொண்டுவிட்டதாகவும், கடைசி வண்டிவரை தெளிவாகக் கேட்டாக வேண்டும் என்பது அந்தப் புதுத் தலைவர் போட்ட ஒரே நிபந்தனை என்றும் அறிவித்தார்.

பிறகு அந்தக் குரல் வந்தது. பாறையில்லை, தூரமில்லை, இரைச்சலில்லை. குளிர்பானப் பெட்டியே வாய் திறந்தாற்போல் அத்தனை தெளிவு.

"கடைசி வண்டி. ஆரின். படிப்பாறைக்கு வந்திருப்ப. வலது பக்கம் போயிருப்ப. அது இடது."

கீழே பார்த்தேன். என் முன்சக்கரம் வலது பக்கம் இருந்தது. ஒரு மைலுக்கு அப்பாலிருந்து, காணாமலேயே, என் சக்கரம் எங்கே நிற்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இப்படியும் ஓர் அறிவா என்று அசந்து உட்கார்ந்துவிட்டேன்.

"விதி ஞாபகம் இருக்கா?" என்றது ரேடியோ.

இருந்தது. வண்டிக்குள் தலைவரின் குரல் மட்டுமே. என் விதி. பழைய வழக்கப்படி ஒலிவாங்கியை எடுத்து அழுத்தினேன்.

"வலது பக்கம் போய்விட்டேன். அது இடது. செய்கிறேன்."

என் குரல் இவ்வளவு தெளிவாக இதுவரை கேட்டதேயில்லை என்று பதினொரு வண்டிகளும் ஒவ்வொன்றாகப் பாராட்டின.