மேஸ் போட்ட வைப்பர்கள்

தன் காலுக்குச் செருப்புக்கூடப் போடாமல், காரின் வைப்பருக்கு மேஸ் போட்டு அழகு பார்த்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சப்பாத்துக்குள் போடுகிறார்களே, அதே வெள்ளை மேஸ்தான். அந்த மனிதரின் காரில் நாள்தோறும் கடலைத் தாண்டவேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்தது.

எனக்கு உயிலங்குளத்தில் ஆசிரியை வேலை கிடைத்த புதிது. வீடு மன்னார்த் தீவில். நடுவில் தாம்போதி. இரண்டு பக்கமும் கடல், நடுவே ஒரு ரோட்டு. எனக்கோ தண்ணீர் என்றாலே நடுக்கம். ஆனால் என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆகவே நானும் பிலோமினா ரீச்சரும் பின் சீட்டில், வெற்றிலைப் பையோடு எங்கள் பள்ளிக்கூட மாஸ்டர் முன் சீட்டில் என்று, மேஸ் அண்ணையின் ஏ போட்டி என்ற பழைய இங்கிலாந்துக் காரில் போய்வந்தோம். அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது.

வெளிநாட்டுச் சாமான் இலேசில் வராத காலம் அது. வைப்பர் ரப்பரை மன்னார் வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்து தின்றுவிடும். ஆகவே காரை நிறுத்தியதும் அண்ணை வைப்பர்களை நிமிர்த்தி, நல்ல தண்ணீரால் கழுவி, ஈரம் ஒற்றி, மேஸை மாட்டிவிடுவார். சோளகக் காற்று மண்ணை அள்ளிக் கண்ணாடியில் அப்பினாலும் வைப்பரைப் போடமாட்டார்.

"காஞ்ச கண்ணாடியில வைப்பர் போடுறது பாவம், ரீச்சர். கண்ணாடியும் கீறும், ரப்பரும் தேயும்."

இதைப் பூசைப் பிரசங்கம் போலத்தான் சொல்வார்.

ஒருநாள் கடையில் புது வைப்பர் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, எங்களையும் ஏற்றியபடியே காரை அங்கே திருப்பினார். நீளம் பார்க்க ஓர் ஈர்க்கை முறித்து வைத்திருந்தார். அளந்தார், மணந்தார், ரப்பரைக் கன்னத்தில் இழுத்துப் பார்த்தார். கடைக்காரர் பொறுமையிழந்து, "அண்ணை, வைப்பர் வாங்க வந்தனியளோ, முகம் வழிக்க வந்தனியளோ?" என்று கேட்டார்.

"கன்னத்தில கூசினால் பழசு. இது வழுக்குது. கட்டுங்கோ."

வாங்கியதை மாட்டினாரா? ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் வைத்து மூடி, டிக்கியில் பத்திரப்படுத்தினார். அடுத்த மாரி வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. பழைய ரப்பர் கண்ணாடியைத் துடைக்காமல் தண்ணீரை அங்குமிங்கும் இழுத்துக்கொண்டு திரிந்தது. நான் கெஞ்சிப் பார்ப்பேன்.

"புதுசைப் போடுங்கோவன், அண்ணை."

"இதென்ன மழையே, ரீச்சர்? தூறல். புதுசுக்கெண்டு ஒரு நாள் வரும்."

"அண்டைக்கு நாங்கள் இருப்பமோ தெரியாது" என்பார் மாஸ்டர். அவருக்குத் தனி வயிற்றெரிச்சல். மழை கொஞ்சம் வலுத்தால் அண்ணை அவருடைய பையிலிருந்து புகையிலையை எடுத்துக் கண்ணாடியில் தேய்ப்பார். அப்படிச் செய்தால் தண்ணீர் வழுக்கி ஓடுமாம்.

அந்த நாள் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தாம்போதியின் நடுவில் வானம் அப்படியே கொட்டியது. பழைய ரப்பர் பிய்ந்து காற்றோடு போக, வெறும் தகடு கண்ணாடியைக் கிறீச்சிட்டது. கடல் எது, ரோட்டு எது என்று தெரியவில்லை. அலை எழும்பி ரோட்டில் விழுந்தது. பிலோமினா ரீச்சரின் செபமாலை தொண்டை கிழியும் சத்தத்தில் ஓடியது.

அண்ணை காரை நிறுத்தினார். "புதுசுக்கு நாள் வந்திட்டுது" என்று இறங்கிப்போய் ரின்னோடு வந்தார். மூடியைத் திறந்து வைப்பரை எடுத்ததும், ரப்பர் காய்ந்த ஒடியல் கிழங்கு போல முறிந்து அவர் மடியில் விழுந்தது. டிக்கிச் சூட்டில் அத்தனை காலம் வெந்திருந்தது.

அவர் மறுபடி இறங்கி, இரண்டு மேஸையும் எடுத்து அந்தத் தகடுகளில் இழுத்துக் கட்டினார். மேஸ் கண்ணாடியில் ஒரு சின்ன இடத்தை மட்டும் மங்கலாகத் துடைத்தது.

"ரீச்சர், தலையை வெளியில நீட்டி இடப்பக்கக் கரைக்கல்லைப் பாத்துச் சொல்லுங்கோ. மாஸ்டருக்குக் கண் மங்கல். பிலோமினா ரீச்சர் கண்ணைத் திறக்கமாட்டா."

"ஐயோ அண்ணை, எனக்குப் பயம்!"

"எனக்கு உங்களைவிடப் பயம். நீந்தத் தெரியாது."

மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த மனிதர்! கடலுக்குப் பயந்துதான் தோணியை விட்டுக் காரைப் பிடித்தாராம். அந்தக் காரும் நாள்தோறும் அவரைக் கடலுக்கு நடுவிலேயே கொண்டுவந்து விட்டது. இத்தனை காலம் வைப்பரைக் கழுவியது, போர்த்தியது, பூட்டி வைத்தது எல்லாம் இதற்குத்தான்.

தலையை நீட்டினேன். முகத்தில் மழையும் உப்பும் அறைந்தன. "வலத்தால... வலத்தால... கல்லு கிட்ட வந்திட்டுது, அண்ணை!" என்று கத்திக் கத்தி, ஊர்ந்து ஊர்ந்து கரை சேர்ந்தோம். வீட்டு வாசலில் இறங்கியதும் சொல்லிவிட்டேன்.

"நாளைக்கு நான் வரேல்லை, அண்ணை. வேலையை விடப்போறன்."

அவர் காரைத் திருப்பிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் காலை வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. வாசலில் ஹோர்ன் கேட்டது. போய்ப் பார்த்தால், கண்ணாடியில் இரண்டு புத்தம் புது வைப்பர், வெயிலில் அம்மணமாக.

"இண்டைக்கு நான் வாறன் எண்டு ஆர் சொன்னது? இதுகளுக்கு மேஸ் எங்க?"

"நேத்தையோட கிழிஞ்சிட்டுது. இனிப் போடுறேல்லை. வெயில் திண்டால் திங்கட்டும், வேற வாங்கலாம். கண்ணுக்கு முன்னால இருந்தால் உங்களுக்குப் பயம் குறையும். ஏறுங்கோ."

மனம் கேட்கவில்லை, ஏறினேன். தாம்போதி தொடங்கியதும் என் கை தானாகவே சீட்டைப் பற்றியது. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்குள்ளால் அதை அவர் கண்டிருக்கவேண்டும். நேற்று நின்ற இடம் வந்தபோது வைப்பர் சுவிச்சைப் போட்டார். காய்ந்த கண்ணாடியில், பளீரென்ற வெயிலில், அந்த இரண்டு வைப்பரும் கிறீச் கிறீச்சென்று ஆடின.

"அண்ணை, பாவமெல்லோ!" என்றேன்.

"பறவாயில்லை, ரீச்சர்" என்றார்.

அக்கரை வரும்வரை அவர் அதை நிறுத்தவில்லை. நான் அழுததை யாரும் பார்க்கவில்லை.