ராணியும் துவைக்கிற கல்லும்

"அந்த ராணியைப் பத்திக் கல்வெட்டு இருக்குன்னு முன்னுரையில எழுதியிருக்கீங்களே, எங்க இருக்கு?" என்று தொலைபேசியில் கேட்டார் விருதுக் குழுத் தலைவர். சாமானியர் அல்ல, பதினொரு கல்வெட்டுகளைக் கண்டுபிடித்த ஆராய்ச்சியாளர்.

நாவலாசிரியருக்கு வியர்த்தது. நாற்பது வருடம், இருபத்திரண்டு சரித்திர நாவல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ராஜாவைக் கொன்று, ஓர் இளவரசிக்குக் கல்யாணம் செய்துவைத்து, முன்னுரையில் 'கற்பனை துளியும் இல்லை' என்று சத்தியம் செய்தவர். இதுவரை ஒருவரும் முன்னுரையைப் படித்ததில்லை. வாழ்நாள் சாதனை விருது கைக்கெட்டும் நேரத்திலா ஒரு மனிதர் படித்துத் தொலைக்க வேண்டும்?

"எங்க... எங்க வீட்டுலதான் இருக்கு" என்று உளறினார்.

"அப்படியா! நாளைக்குக் காலையில வந்து பார்க்கிறேன். இருந்தா விருது உங்களுக்கு. இல்லேன்னா அடுத்தவருக்கு."

அடுத்தவர் துப்பறியும் கதை எழுதுகிறவர். அதை மட்டும் இவரால் தாங்க முடியாது.

வீட்டில் இருந்த ஒரே கல், கொல்லையில் மனைவி துணி துவைக்கிற கல். கல்லறைகளுக்குப் பெயர் வெட்டும் கல்தச்சரை ஓடிப்போய் அழைத்துவந்தார்.

"ராணி பேரு, போர்ல ஜெயிச்சது, எல்லாம் வரணும். பழைய எழுத்தா இருக்கணும்."

"எத்தனாவது நூற்றாண்டு சார்?" என்றார் கல்தச்சர், சட்டைக்கு அளவு கேட்கிற மாதிரி.

"எட்டு."

சாயங்காலம் மனைவி வந்து பார்த்தாள். "இதுல எப்படித் துவைக்கிறது? உங்க ராணி பித்தானையெல்லாம் பிச்சுடுவாளே!"

"இனிமே இது சரித்திரம். கை வைக்காதே."

சரித்திரம் புத்தம் புதிதாக வெள்ளை வெளேரென்று இருந்தது. பூட்ஸ் பாலிஷ் தடவினார். கண்ணாடி போல மின்னியது. அதைப் போக்க சோப்புப் போட்டுத் தேய்த்தார். எட்டாம் நூற்றாண்டு கமகமவென்று மணக்க ஆரம்பித்தது.

காலையில் தலைவர் பூதக்கண்ணாடியோடு வந்துவிட்டார். மறந்துவிட்டுப்போன உளியைத் தேடிக் கல்தச்சரும் வந்து நின்றார். போச்சு, மானம் கப்பலேறியது என்று நாவலாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

தலைவர் எழுத்துகளைத் தடவினார். முகர்ந்தார். நிமிர்ந்து கல்தச்சரைப் பார்த்தார். இரண்டு முறை இருமினார்.

"சந்தேகமே இல்லை, அசல்! விருது உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

நாவலாசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. கல்தச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு பெரிய ஆராய்ச்சியாளர்! எப்படிப்பா ஏமாந்தார்?"

கல்தச்சர் உளியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அவராவது ஏமாறுறதாவது! அவர் கண்டுபிடிச்ச பதினொண்ணும் நான் வெட்டினதுதானே சார்."