எதிரொலியை அடக்கும் கார்டு எனக்கெதற்கு?

படித்த திமிர் என்று ஒன்று உண்டு. எனக்கு அது இருபத்து நான்கு வயதில், ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமாவோடு சேர்ந்து வந்தது.

ரங்கூனில் போட்டாதாங் பகுதியில் வாப்பாவுக்கு உளுந்து ஏற்றுமதி. (யாங்கோன் என்பது அரசாங்கத்துக்கு, எங்கள் வீட்டில் இன்றும் ரங்கூன்தான்.) ஆபீசில் ஐந்து மேஜை, ஒரே போன். மணி அடித்தால் எல்லோரும் ஓடுவார்கள்.

"இலவசமா ஒரு சாப்ட்வேர் இருக்கு வாப்பா. பழைய கம்ப்யூட்டர்ல போட்டா அதுவே எக்ஸ்சேஞ்ச். மேஜைக்கு ஒரு போன்!" என்றேன். டெலிபோன் லைனைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர ஒரு கார்டு மட்டும் வேண்டும்.

கம்ப்யூட்டர் கடை கோ தூரா இரண்டு கார்டுகளை எடுத்து வைத்தார். ஒன்றில் எதிரொலியை அடக்கும் சில்லு இருந்தது. மற்றதில் இல்லை; விலை பாதி. "மா ஜமீலா, சில்லு உள்ளதையே எடுங்க" என்று பர்மியத்தில் கெஞ்சினார்.

"எதிரொலியா? எங்க ஆபீஸ் என்ன குகையா?" என்றேன். (இதற்கு நானே சிரித்தும் கொண்டேன்.)

மூன்று நாள் வயர்களுக்குள் கிடந்தேன். மேஜைக்கு மேஜை பேசிப் பார்த்தபோது கணீரென்று கேட்டது. நான்காம் நாள் வெளியிலிருந்து முதல் அழைப்பு. மோல்மீனிலிருந்து, முந்தின வாரம் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையின் தாயார்.

"வாப்பா இருக்காகளா?"

"வெளிய போயிருக்காக மாமி. நான் ஜமீலா."

"ஒன்னப் பத்தித்தாம்மா பேசணும்... யாரது, நான் சொல்றதத் திருப்பிச் சொல்றது?"

"யாரும் இல்லயே மாமி. நல்லாத்தானே கேக்குது?"

"நக்கலா?" பிறகு ஒரு அலறல். "எங்கொரல்லயே பேசிக் காட்டுறியா!"

டொக்.

ஒன்றும் புரியாமல் தெருமுனைக் கடை போனுக்கு ஓடி, எங்கள் ஆபீசையே அழைத்தேன். "ஹலோ" என்றேன். "ஹலோ" என்றது என் குரல். "அட மண்டு!" என்றேன். அதையும் அப்படியே திருப்பிச் சொன்னது. நான் வேண்டாமென்ற சில்லு இல்லாததால், வெளியிலிருந்து பேசுகிறவருக்கு மட்டும் எதிரொலி.

வாப்பா திட்டவில்லை. "வேற எடம் பாக்கலாம் மகளே" என்றார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது.

இரண்டு நாள் கழித்து மாமியே பஸ் ஏறி வந்து ஆபீசுக்குள் நுழைந்தார். "என்னப் பழிச்சுக் காட்டுன புள்ள எங்க?" மேஜைக்கடியில் கார்டைக் கழற்றப் போன நான், முகமெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்தேன். மாமியின் கையைப் பிடித்து அதே தெருமுனைக் கடைக்கு அழைத்துப் போய் எங்கள் நம்பரைப் போட்டுக் கொடுத்தேன்.

மாமி "ஹலோ" என்றார். கேட்டார். தன் பெயரைச் சொன்னார். கேட்டார். பிறகு வெகுநேரம் தன்னோடு தானே பேசிக்கொண்டிருந்தார்.

"எங்கொரல் இம்புட்டுக் கட்டையாவா இருக்கு?" என்று சிரித்தவர், திரும்பி வந்து வாப்பாவிடம் சொன்னார்: "தேதி குறிங்க."

நிக்காஹ் ஆகி எத்தனையோ வருடமாகிறது. நாங்கள் ரங்கூனில், மாமி மோல்மீனில். மாமிக்கு மட்டும் போனில் நம்பிக்கை வரவில்லை. எதுவானாலும் நேரில் வந்துதான் சொல்வார். வந்தால் ஒரு மாதம். போன வருடம் ஒரு செல்போன் வாங்கி அனுப்பினோம். அடுத்த வாரமே வந்து இறங்கிவிட்டார், போன் நன்றாக வேலை செய்கிறது என்று சொல்ல.