ஹெச் வராத நாள்

அன்பும் பொறுமையும் மிக்க அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே என் தொண்டையைத் தவிர மற்ற எல்லோரும் நலம். அங்கே நீங்கள் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு நேராக அழுகைக்கு வருகிறேன். அத்தானின் துணிக்கடையில் துணி மடிக்க ஆள் வேண்டுமா என்று கேட்டுச் சொல். என் வேலை போகப்போகிறது.

ஒன்றாம் வகுப்புக்கு, இங்கிலீஷில் இரண்டு எழுத்து சேர்ந்து ஒரே சத்தம் கொடுப்பதைச் சொல்லித்தர வேண்டும். எஸ்ஸும் ஹெச்சும் சேர்ந்தால் 'ஷ்', சியும் ஹெச்சும் சேர்ந்தால் 'ச்', டியும் ஹெச்சும் சேர்ந்தால் 'த்'. எழுதி எழுதி சாக்பீஸ்தான் தேய்ந்தது. 'ஷிப்' என்று எழுதினால் எல்லோரும் 'ஸ்... ஹ்... இப்' என்று பெருமூச்சு விடுகிறார்கள். சரி என்று அட்டையில் எழுத்தை எழுதி ஆளுக்கு ஒன்று கழுத்தில் மாட்டிவிட்டேன். இரண்டு எழுத்து கைகோத்தால் ஒரே சத்தம் போட வேண்டும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன், போ! ஹெச் அட்டையை வாயே திறக்காத ஒரு குட்டிப் பெண்ணுக்குக் கொடுத்தேன். எஸ் ஒரு பக்கம் இழுக்கிறாள், சி ஒரு பக்கம், டி ஒரு பக்கம். பின்னல் அவிழ்ந்து ரிப்பனையே காணோம். மறுநாள் அவள் அம்மா வந்து, "எம்பொண்ணு என்ன டீச்சர், பந்தா? ஆளாளுக்கு இழுக்கறாங்க!" என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். அவள் போனதும் எக்ஸ் அட்டை மாட்டிய பெண்ணின் அப்பா வந்தார். "எங்க பாப்பா மட்டும் மூலையில தனியா நிக்குதாமே? அதுக்கும் ஒரு ஜோடி போட்டுக் குடுங்க." எக்ஸுக்கு நான் எங்கே போய் ஜோடி தேடுவேன்?

இன்று அதிகாரி வகுப்பைப் பார்வையிட வந்தார். என் வேலை நிரந்தரமாவது அவர் எழுதுகிற நாலு வரியில்தான் இருக்கிறது. பார்த்தால், ஹெச் வரவில்லை. பல்வலியாம்! எஸ், சி, டி மூவரும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வேறு வழியில்லாமல் அட்டையை நானே மாட்டிக்கொண்டு ஒவ்வொருவரிடமாக ஓடினேன். அதிகாரி, "நீங்க டீச்சரா, எழுத்தாம்மா?" என்றார். மூச்சிரைக்க, "இப்போதைக்கு எழுத்து சார்" என்றேன். அதோடு விட்டார்களா? "சார் சும்மாத்தானே உக்காந்திருக்காரு டீச்சர்!" என்று எஸ், என் கழுத்திலிருந்த ஹெச் அட்டையைப் பிடுங்கி அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள். அப்புறம் கேட்க வேண்டுமா? மூன்று பேரும் இழுத்ததில் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம். ஒரு வரிகூட எழுதாமல் எழுந்து போய்விட்டார். தலைமை ஆசிரியர், "நாளைக்கு வாங்க, பேசிக்கலாம்" என்றார். அந்தப் 'பேசிக்கலா'முக்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா? இத்தனைக்கும் ஒரே ஒரு பிள்ளை ஒரே ஒரு வார்த்தை படித்திருந்தால்கூட மனசு ஆறும். இல்லையே! அழுகை அழுகையா வருதுக்கா.

துணியாவது நான் சொன்னபடி மடங்கும். அத்தானிடம் பக்குவமாகச் சொல். அவருக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். அவர்களில் யாருக்காவது டீச்சராகும் ஆசை இருந்தால் முளையிலேயே கிள்ளிவிடு.

இப்படிக்கு,
உன் உதவாக்கரைத் தங்கை

பி.கு.: ஸ்டாம்ப் ஒட்டும்போது வாசலில் ஹெச்சின் அம்மா. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவளோ, "டீச்சர்! பல் டாக்டர் ரூம்ல ஒரு படம் மாட்டியிருந்தாங்க. அதுக்குக் கீழ இருந்த எழுத்துல விரல வெச்சு, வீங்கின வாயோட 'டீத்'னு தானாப் படிச்சா டீச்சர்! அதோட விட்டாளா? பக்கத்துல இருந்த பெரியவர் கையப் பிடிச்சு, 'நீங்க டி, நான் ஹெச், சேந்து சொல்லுங்க'ங்கறா. பல்வலியோட வந்தவங்க அத்தனை பேரும் 'த்... த்...'ங்கறாங்க!" என்று சிரித்துக்கொண்டே அழுகிறாள். நானும் அழுதேன். அத்தானிடம் கடை வேலையைப் பற்றி மூச்சு விடாதே. தலைமை ஆசிரியர் நாளைக்கு என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் நான் போகமாட்டேன்.