ஒரு நாள் குறைந்த உத்தரவாதம்

“ஒரு நாள் குறையுது சார்” என்று டெண்டர் பிரிவு எழுத்தர் பேங்க் உத்தரவாதக் கடிதத்தைப் பெயின்ட் காண்ட்ராக்டர் பக்கம் தள்ளினார். டெண்டர் கவர் பிரித்த பிறகு நூற்றிருபது நாள் செல்லுபடியாக வேண்டிய கடிதம், நூற்றுப் பத்தொன்பதோடு முடிகிறதாம். அரசு விடுதிக்குப் பெயின்ட் அடிக்கும் டெண்டர் கை நழுவியது.

“எடுத்துட்டுப் போங்க. உங்க பணத்துக்கு ஒண்ணும் ஆகல.”

மனுஷன் கேட்டால்தானே! வீட்டில் மனைவியும் போனால் போகிறது என்றாள். பேங்கில் கடிதம் வாங்கி, கவரில் வைத்து ஒட்டியவள் அவள்தான். விலைப் பட்டியல் மட்டும் அவர் போட்டது. அதில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு தேதியைக்கூடப் பார்த்து வாங்கத் துப்பில்லை என்று அவர் எரிந்து விழுந்தார். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பேங்குக்கு ஓடித் திருத்தக் கடிதம் வாங்கி வந்தார். கவர் பிரித்த பிறகு காகிதம் சேர்ப்பது தனிக் குற்றம் என்று எழுத்தர் இன்னொரு ஃபைலைத் திறந்தார். காண்ட்ராக்டர் மேலதிகாரியிடம் மனு கொடுத்தார். அதிகாரி திருத்தக் கடிதத்தைத் தட்டிக் காட்டினார்.

“தப்பு இருந்துச்சுன்னு நீங்களே எழுதி வாங்கிட்டு வந்திருக்கீங்களே?”

தலையில் அடித்துக்கொண்டு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போனார். இரண்டு மாதம் அலைந்ததில் வந்த வேலைகளும் போயின, பெயின்டர்களும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

விசாரணைக்குச் சுவர் காலண்டரோடு போனார். கவர் பிரித்த நாளும் ஒரு நாள்தானே என்று குழுவின் மூன்று பேரையும் விரல்விட்டு எண்ண வைத்தார். நான்காம் தடவை எண்ணும்போது, ஆளை விட்டால் போதும் என்று அவர்களே நூற்றிருபது என்றார்கள்.

உத்தரவு கையில் வந்தது. அவர் விலைதான் குறைவு, வேலை அவருக்கே. ஒரு வாரத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் உத்தரவாதப் பணம் அரசாங்கத்துக்குப் போய்விடும் என்பதையும் எழுத்தர் படித்துக் காட்டினார்.

தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்து உத்தரவை மனைவியிடம் நீட்டினார். படித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“கதவுக்கு ரெண்டு பக்கம் உண்டுங்க. நானூறு கதவுக்கும் ஒரு பக்கத்துக்குத்தான் விலை போட்டிருந்தீங்க. சொன்னா ஒத்துக்கவா போறீங்கன்னு, நான்தான் பேங்க்ல ஒரு நாள் குறைச்சு எழுதி வாங்கினேன்.”